ஒற்றை ஏட்டிற் காந்தம்

(சங்கக் கூட்டமொன்றில் நிகழ்த்திய சொற்பொழிவு)



சர்வகலாசாலையிற் பௌதிகம் பயிலும் எம்மிடம் விஞ்ஞானப் பொருளொன்றைப் பற்றிப் பேசுமாறு செயலாளர் கேட்டார். கேட்டவர், சூத்திரம் எதுவும் எழுதலாகாது என்றும் சொல்லி வைத்தார். அவர் சொல்லை மதித்துக் கரும்பலகைப் பக்கமே போகாது பேச முயல்வோம். எடுத்துக்கொண்ட பொருள் காந்தம். அதிலும் உலகத்திலே மிக மெல்லிய காந்தம்.

சட்டக் காந்தமொன்றை இரண்டாக உடைத்தால் இரண்டு காந்தங்கள் கிடைக்கும் என்பது பாடசாலைப் பிள்ளைகளும் அறிந்த செய்தி. உடைப்பதை விட்டு, அதனைச் சீவிச் சீவி மெலியச் செய்துகொண்டே போனால் என்ன ஆகும்? நூறு அணுத் தடிப்பு, பத்து அணுத் தடிப்பு, ஈற்றிலே பழைய சுவடியிலிருந்து உருவி எடுத்த ஓர் ஓலைபோல ஒற்றை ஏடு மட்டும். அந்த ஒற்றை ஏடும் காந்தமாய் இருக்குமா?

"இராது" என்பதுபோல ஒரு விடை 1966ஆம் ஆண்டிலே கணித வாயிலாகச் சொல்லப்பட்டது. "இருக்கிறது" என்று 2017ஆம் ஆண்டிலே பரிசோதனை வாயிலாகக் காட்டப்பட்டது. பழைய விதி பொய்த்துப்போயிற்று என்று சொல்லிவிட்டு எழுந்து போவது எளிது. உண்மை அவ்வாறன்று. விதியும் மெய், காந்தமும் மெய். இரண்டும் ஒருங்கே மெய்யாவது எங்ஙனம் என்பதை முதலிற் சொல்வோம். பின்னர் இந்த மெல்லிய காந்தங்களால் நாளைய கணினிகளுக்கு என்ன பயன் கிட்டும், எது கிட்டாது என்பதையும் மறைக்காது சொல்வோம்.

காந்தத்தின் வேர் இலத்திரனில் இருக்கிறது. இலத்திரனுக்கு மின்னேற்றம் உண்டென்பதை யாவரும் அறிவர். அதனோடு, ஸ்பின் எனப்படும் சுழற்சிக் குணமும் அதற்கு உண்டு. பம்பரம்போலச் சுற்றுகிறது என்று சொல்வது வழக்கம். ஆனால் அது பம்பரமன்று. இலத்திரனைச் சுற்றுகின்ற பந்தென்று கொண்டால் அதன் மேற்பரப்பு ஒளியிலும் விரைவாக ஓடவேண்டி வரும். இக்குணத்தை 1925ஆம் ஆண்டிலே ஒல்லாந்து தேசத்து லைடன் நகரிலே எடுத்துச் சொன்னவர்கள் ஊலன்பெக், கவுட்ஸ்மிற் என்னும் இரண்டு இளைஞர். ஒருவருக்கு வயது 24, மற்றவருக்கு 23. கட்டுரையைத் தம் ஆசிரியர் ஏரன்பெஸ்ற் கையிற் கொடுத்துவிட்டார்கள். பின்னர் மூத்த அறிஞர் லோரன்ஸ் இந்த ஒளிவேகச் சிக்கலைச் சொல்லக் கேட்டு அஞ்சி, கட்டுரையைத் திருப்பித் தரும்படி ஆசிரியரிடம் ஓடினார்கள். அவரோ அதனை ஏற்கெனவே அச்சுக்கு அனுப்பிவிட்டார்! நீங்கள் இளைஞர்தாமே, ஒரு மடமை செய்தாலும் தாங்கும் என்ற கருத்துப்பட அவர் ஆறுதல் சொன்னாராம். இங்கே அமர்ந்திருக்கும் ஆசிரியப் பெருமக்கள் இதனைச் சற்றே மனத்திற் கொள்வார்களாக.

ஆகவே ஒவ்வோர் இலத்திரனும் சின்னஞ்சிறு திசைகாட்டி ஊசிக்கு ஒப்பானது. பெரும்பாலான பொருள்களில் இவ்வூசிகள் சோடி சோடியாக எதிரெதிர் நின்று ஒன்றையொன்று அழித்துவிடுகின்றன. இரும்பு போன்ற சிலவற்றிலோ அழியாது எஞ்சிய ஊசிகள் அயல் ஊசியோடு ஒரே திசையை நோக்கி நிற்க விரும்புகின்றன. வெப்பம் அவற்றை உலுப்பிக் குழப்புகிறது. குளிரில் ஒழுங்கு வெல்லும். சூட்டிற் குழப்பம் வெல்லும். இரும்புக்கு அந்த எல்லை ஏறக்குறைய 770 சதமபாகை. அதற்கு மேலே இரும்பு இரும்பாகவே இருக்கும், காந்தமாய் இராது. கியூரி அம்மையாரின் கணவர் பியர் கியூரியின் பெயரால் இவ்வெல்லையைக் கியூரி வெப்பநிலை என்பர்.

1920களின் தொடக்கத்திலே ஜேர்மனியின் ஹம்பேர்க் சர்வகலாசாலையில் வில்லெம் லென்ஸ் என்னும் பேராசிரியர் தம் மாணவர் ஏர்ண்ஸ்ற் ஈசிங் என்பாரிடம் ஒரு கணக்கைக் கொடுத்தார். ஊசிகள் மேலே அல்லது கீழே என்று இரண்டே திசைகளை நோக்கலாம். ஒவ்வொன்றும் தன் அயலை மட்டுமே கவனிக்கும். இவற்றை ஒரே வரிசையாக நிறுத்தினாற் காந்தம் உண்டாகுமா? 1925இல் வெளிவந்த கட்டுரையில் ஈசிங் கண்ட விடை, உண்டாகாது என்பதே. எவ்வளவு குளிர்வித்தாலும், தனிப்பூச்சியத்துக்கு மேலே சிறிதளவு வெப்பம் எஞ்சியிருந்தாற் போதும், நீண்ட வரிசை குலைந்துவிடும்.

ஏன் என்பதைப் பூமாலையைக் கொண்டு விளங்கலாம். நாரை ஓரிடத்தில் அறுத்தால் மாலை இரண்டாகிவிடும். எங்கே அறுத்தாலும் அறுப்பதற்கு ஆகும் செலவு ஒன்றுதான். ஆனால் அறுக்கக்கூடிய இடங்களோ மாலையின் நீளத்துக்கேற்பப் பெருகும். ஆகவே மிக நீண்ட மாலை எங்கோ ஓரிடத்தில் அறுபட்டே தீரும். அறுபட்ட இடத்துக்கு இப்பால் ஊசிகள் மேல் நோக்கும். அப்பாற் கீழ் நோக்கும்.

இதிலிருந்து ஈசிங் இன்னொரு படி சென்று, மூன்று பரிமாணத்திலும் இப்படித்தான் இருக்குமென்று கருதினார். அது பொருந்தவில்லை. 1936ஆம் ஆண்டிலே றுடோல்வ் பயேள்ஸ் காட்டிய வாதத்தை எமது முறையிற் சொன்னால், ஏடு மாலையன்று, அது பாய். பனையோலைப் பாயில் ஓர் ஓலை அறுந்தாற் பாய் இரண்டாவதில்லை. அதிலே ஒரு துண்டைப் பிரித்தெடுக்க வேண்டுமாயின் துண்டின் சுற்றளவு முழுவதையும் அறுக்க வேண்டும். துண்டு பெரிதாகப் பெரிதாகச் செலவும் பெருகும். ஆகவே போதிய குளிரில் ஒழுங்கு நிலைக்கும். 1944இல் லார்ஸ் ஒன்சாகர் என்னும் நோர்வேயிற் பிறந்த அறிஞர் இவ்வேட்டின் கணக்கை முற்றாகத் தீர்த்து, காந்தம் குலையும் வெப்பநிலையையும் துல்லியமாகக் கணித்தார். பௌதிகம் பயில்வோர் அனைவரும் அக்கணக்கை ஒருமுறையேனும் முழுவதும் வாசித்து முடிக்க ஆசைப்படுவர். யாமும் ஆசைப்பட்டுக்கொண்டிருக்கிறோம்.

பொருளை விட்டு விலகுவதாகத் தலைவர் கடிந்துகொள்ளாராயின், ஈசிங்கைப் பற்றி இன்னும் சில சொற்கள். அவர் யூதர். 1933இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் ஆசிரியப் பதவியை இழந்தார். பொற்ஸ்டாம் நகருக்கு அருகிலே யூதப் பிள்ளைகளுக்கான பாடசாலையொன்றிற் கற்பித்தார். 1938 நவம்பரில் அப்பாடசாலை சூறையாடப்பட்டது. 1939இல் லக்சம்பேர்க்குக்குத் தப்பினார். அடுத்த ஆண்டிலே ஜேர்மன் படை அங்கும் வந்து சேர்ந்தது. யுத்த காலத்தில் புகையிரதப் பாதைகளைக் கழற்றும் கூலி வேலையில் அவரைக் கட்டாயப்படுத்தி ஈடுபடுத்தினர். 1947இல் அமெரிக்காவை அடைந்து, இலினோய் மாநிலத்துப் பியோரியா நகரிலுள்ள பிராட்லி சர்வகலாசாலையில் நெடுங்காலம் கற்பித்து, 1998இல் மறைந்தார். தமது இளமைக் கணக்கு "ஈசிங் மாதிரி" என்ற பெயரோடு உலகெங்கும் பேசப்படுகிறது என்பது அவருக்குத் தெரியவந்தது 1949 அளவிலேதான். தண்டவாளத்தைக் கழற்றிக்கொண்டிருந்த அந்த மனிதருக்கு, அதே 1944ஆம் ஆண்டிலே ஒன்சாகர் தம் கணக்கின் தீர்வை வெளியிட்டார் என்பது தெரிந்திருக்க வழியில்லை. இதனை நினைக்குந்தோறும் எமக்கு மனம் கனக்கிறது.

இனி 1966ஆம் ஆண்டு விதிக்கு வருவோம். ஈசிங்கின் ஊசிகளுக்கு இரண்டே திசை. அந்தக் கட்டுப்பாட்டை நீக்கி, ஊசிகள் எத்திசையையும் நோக்கலாம் என்று கொண்டால் என்ன ஆகும்? டேவிட் மேர்மின், ஹேர்பேர்ட் வாக்னர் என்னும் இருவர் இதனை ஆராய்ந்தனர். ஊசிகள் எல்லாத் திசைகளையும் ஒப்ப மதிக்குமாயின், எட்டத்து ஊசிகளைப் பொருட்படுத்தாது அண்மையிலுள்ளவற்றை மட்டுமே கவனிக்குமாயின், ஒற்றை ஏட்டிலே தனிப்பூச்சியத்துக்கு மேலான எந்த வெப்பநிலையிலும் காந்த ஒழுங்கு நிலைக்காது என்று நிறுவினர்.

இங்கே பாயை அறுக்க வேண்டிய அவசியமே இல்லை. காற்றடிக்கும்போது நெல்வயலைப் பார்த்திருப்பீர்கள். ஒரு கதிர் தன் அயற் கதிரைவிடச் சிறிதே கூடுதலாகச் சாய்கிறது. அதற்கடுத்தது இன்னுஞ் சிறிது. அயலிலுள்ள எந்த இரண்டு கதிர்களுக்கும் இடையே பெரிய பிணக்கில்லை. ஆனால் இந்த வரப்போரத்துக் கதிர் கிழக்கே சாய, அந்த வரப்போரத்துக் கதிர் மேற்கே சாய்ந்து நிற்கும். இத்தகைய நீண்ட அலைகளுக்கு ஆகும் செலவு மிகமிகச் சொற்பம். மூன்று பரிமாணக் கட்டியில் இவ்வலைகள் ஒழுங்கைக் கெடுக்கப் போதா. ஏட்டிலோ அவை திரண்டு ஒழுங்கை முற்றாகக் கரைத்துவிடும்.

ஆனால் அவ்விதியைச் சொல்லும்போது "ஆயின்" என்று இரண்டு முறை சொன்னோம். அந்த "ஆயின்" இல்லாமல் விதி இல்லை. பரீட்சைக்காக அவசரமாகப் படிப்பவர் நெஞ்சிலே "ஏட்டிற் காந்தமில்லை" என்ற வால் மட்டும் தங்கும். நிபந்தனையாகிய தலை நழுவிப்போம். வயலிலே நெற்பயிருக்குப் பதிலாகக் கம்புகளை அறைந்து வைத்தாற் காற்று என்ன செய்யும்? அதுபோல, ஏட்டுக்குச் செங்குத்தான திசையிலே ஊசிகளுக்குச் சிறிதளவேனும் கூடுதற் பற்று இருந்துவிட்டால், மிக நீண்ட அலைக்கும் ஒரு குறைந்தபட்சச் செலவு வந்துவிடும். அங்கே மேர்மின், வாக்னர் விதித்த தடை செல்லாது. பயேள்ஸின் பாய்க் கணக்கே செல்லும். இதனை மேர்மினும் வாக்னரும் நன்கறிவர்; தம் கட்டுரையின் தலைப்பிலேயே, எல்லாத் திசையும் ஒத்த மாதிரியைப் பற்றியே பேசுகிறோம் என்று எழுதி வைத்தார்கள். தலைப்பை முழுவதும் வாசியாதவர் குற்றம் அவர்களுடையதன்று.

கணக்கு வழி திறந்திருக்கிறது. ஏட்டை எடுப்பது எப்படி? டங்ஸ்ரன் போன்ற உலோகத்தின் மேல் இரும்பை ஓரணுத் தடிப்பாகப் படிய வைத்து, அதிலே காந்தம் இருப்பதை முன்னரே கண்டிருந்தார்கள். இதனையும் சொல்லுதல் நீதி. ஆயினும் அந்த இரும்பு கீழுள்ள உலோகத்தோடு பிணைந்தது. உரித்தெடுத்து வேறிடத்தில் வைக்க இயலாதது. தனித்து நிற்கும் ஏட்டுக்கு வழிகாட்டியது 2004ஆம் ஆண்டு. இங்கிலாந்தின் மன்செஸ்ரர் சர்வகலாசாலையில் அன்றே கைம், கொன்ஸ்ரன்ரின் நோவோசெலொவ் என்போரின் குழுவினர் காரீயத்தின் மேல் ஒட்டுநாடாவை ஒட்டி உரித்து, உரித்ததை மீண்டும் மீண்டும் உரித்து, காபன் அணுக்களின் ஒற்றைப் படையைப் பிரித்தார்கள். கிராபீன் என்பது அதுவே. 2010இல் அவ்விருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. எமது நாட்டுப் போகலைச் சுரங்கத்திலும் கஹட்டகஹச் சுரங்கத்திலும் தோண்டி எடுப்பது இந்தக் காரீயந்தான். பென்சிலாற் கோடு கிழிக்கும் ஒவ்வொரு பிள்ளையும் ஏடுகளை உரித்துக்கொண்டுதான் இருக்கிறது, எண்ணிப் பார்ப்பாரில்லை.

கிராபீன் காந்தமன்று. ஆனால் காரீயம்போல ஏடு ஏடாக உரியும் பளிங்குகள் வேறும் பல உண்டு. ஏட்டுக்குள்ளே அணுக்களின் பிணைப்பு வலிது. ஏட்டுக்கும் ஏட்டுக்கும் இடையே வந்தர் வால்ஸ் விசை எனப்படும் மெல்லிய பற்று மட்டுமே. அவற்றுட் காந்தமானவை எவை என்று தேடத் தொடங்கினார்கள். 2016இலே தென்கொரிய ஆய்வாளர், இரும்பு, பொசுபரசு, கந்தகம் சேர்ந்த பொருளொன்றின் ஒற்றை ஏட்டிலும் ஊசிகள் ஒழுங்காக நிற்பதைக் கண்டனர். அங்கே ஊசிகள் வரிசைக்கு வரிசை எதிரெதிராக நிற்பதால் ஒன்றையொன்று ஈடுசெய்து வெளியே காந்தம் தோன்றாது. ஒழுங்குண்டு, இழுப்பில்லை.

மறு ஆண்டு, 2017 யூன் மாதத்திலே, நேச்சர் என்னும் சஞ்சிகையின் ஒரே இதழில் அடுத்தடுத்து இரண்டு கட்டுரைகள் வெளிவந்தன. அவ்விரண்டையும் சேர்த்து வாசித்தபோதுதான் எமக்கு இப்பொருளின் அழகு தெரிந்தது.

ஒன்று, வாஷிங்ரன் மாநிலத்துச் சியாற்றில் நகரில் ஷியாவோடோங் ஷு என்பாரின் குழுவும், மசச்சூசெற்ஸ் தொழினுட்பக் கழகத்திற் பப்லோ ஹரில்லோ-எரேரோ என்பாரின் குழுவும் சேர்ந்து செய்தது. கட்டுரையின் முதற் பெயர் பெவின் ஹுவாங் என்னும் மாணவருடையது. அவர்கள் எடுத்த பொருள் குரோமியம் அயடைட்டு. குரோமியம் ஒன்றுக்கு அயடீன் மூன்று. குரோமிய அணுக்கள் தேன்கூட்டு அறைகளைப்போல அமைந்திருக்க, மேலும் கீழும் அயடீன் அணுக்கள் அணைத்து நிற்கும். ஏடொன்றின் தடிப்பு ஏறக்குறைய 0.7 நனோமீற்றர். ஒரு மில்லிமீற்றர் உயரத்துக்கு அடுக்குவதாயின் பதினான்கு இலட்சம் ஏடுகள் வேண்டும். காந்த ஊசிகள் குரோமியத்தினுடையவை. ஆனால் அவற்றைச் செங்குத்தாக நிற்கச் செய்வதிற் பெரும் பங்கு அயடீனுக்கு உண்டு. பாரமான அணுக்களில் இலத்திரனின் சுழற்சி அதன் ஓட்டத்தோடு பிணைபட்டிருக்கும். அந்தப் பிணைப்பின் வழியே, பளிங்கின் மேற்பக்கம் எது, பக்கவாட்டு எது என்பது ஊசிக்குத் தெரிய வருகிறது. வயலிலே கம்பு அறைந்தது அயடீன்.

இப்பொருள் ஈரக்காற்றுப் பட்டால் நிமிடக் கணக்கிற் கெட்டுவிடும். ஆகவே வேறெதனோடும் சேராத வாயு நிரப்பிய பெட்டிக்குள், பெட்டியிற் பொருத்திய கையுறைகளுக்குள்ளே கையை நுழைத்து வேலை செய்வார்கள். அங்கும் உரிப்பது ஒட்டுநாடாவாலேதான்.

சில மைக்கிரோமீற்றர் அகலமும் ஓரேட்டுத் தடிப்பும் உள்ள துணுக்கிலே காந்தம் இருக்கிறதா என்று எப்படிச் சோதிப்பது? இரும்புத்தூள் தூவிப் பார்க்க முடியாது. முனைவாக்கிய ஒளி காந்தப் பரப்பிற் பட்டுத் தெறிக்கும்போது அதன் அதிர்வுத் தளம் சற்றே திரும்பும். ஸ்கொத்லாந்து தேசத்து ஜோன் கேர் என்பவர் 1870களிற் கண்டறிந்த உண்மை இது. அவர் பெரிய சர்வகலாசாலைப் பேராசிரியர் அல்லர். சமயக்கல்வி கற்று, கிளாஸ்கோவிலே திருச்சபையொன்றின் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியிற் கணிதம் கற்பித்தவர். மிஷன் பாடசாலையிற் படித்து வந்த எமக்கு, அந்தக் கல்லூரியின் வகுப்பறையையும், மாலையில் விளக்கும் ஆடிகளும் வைத்துக்கொண்டு மினைக்கெடும் கணித ஆசிரியரையும் கற்பனை செய்வது சிரமமாயில்லை. அவருடைய முறையே, லேசர் ஒளியோடு, 2017இல் உதவியது.

குளிர்வித்துப் பார்த்தார்கள். 45 கெல்வினுக்குக் கீழே, அதாவது சதமபாகைக் கணக்கிற் பூச்சியத்துக்கு 228 பாகை கீழே, ஒற்றை ஏட்டிலிருந்து தெறித்த ஒளி திரும்பியது. வெளிக் காந்தப்புலத்தை முற்றாக நீக்கிய பின்னரும் திரும்பியே நின்றது. தடித்த கட்டியிலே இப்பொருளின் எல்லை 61 கெல்வின். கட்டியை ஒற்றை ஏடாக்கியும் 16 கெல்வின் மட்டுமே குறைந்தது!

மற்றக் கட்டுரை கலிபோர்ணியாவின் பேர்க்லியிலிருந்து, ஷியாங் ஷாங் என்பாரின் குழு செங் கொங் என்பாரை முதலாசிரியராகக் கொண்டு எழுதியது. அவர்கள் எடுத்த பொருள் குரோமியம், ஜேர்மானியம், தெலூரியம் சேர்ந்தது. இதிலே ஊசிகள் ஏறக்குறைய எல்லாத் திசைகளையும் ஒப்ப மதிப்பவை. செங்குத்துப் பற்று மிகச் சிறிது. அதாவது மேர்மினும் வாக்னரும் சொன்ன நிபந்தனைக்குக் கிட்ட நிற்கும் பொருள். என்ன கண்டார்கள்? கட்டியிலே 60 கெல்வினுக்குச் சற்று மேலிருந்த எல்லை, ஏடுகள் குறையக் குறைய வேகமாக விழுந்து, இரண்டு ஏட்டிலே 30 கெல்வின் அளவுக்கு வந்துவிட்டது. அதுவும் சிறியதொரு காந்தப்புலத்தின் துணையோடு. அந்தப் புலத்தைச் சிறிது கூட்டினால் எல்லையும் உயர்ந்தது. வெளிப்புலம் ஒரு திசையைச் சுட்டிக்காட்டுகிறது. ஆதலால் அதுவே வெளியிலிருந்து அறைந்த கம்பு.

இவ்வாறாக ஒரே இதழில், விதியின் நிபந்தனைக்கு எட்ட நின்ற பொருள் காந்தத்தைக் காத்துக்கொண்டது. கிட்ட நின்ற பொருள் இழக்கத் தொடங்கியது. 1966ஆம் ஆண்டு விதிக்கு இதனினும் நல்ல சாட்சி வேண்டுமா? விதி பொய்த்தது என்பவரிடம் யாம் இந்த இரண்டாவது கட்டுரையையே நீட்டுவோம்.

குரோமியம் அயடைட்டு இன்னொரு வேடிக்கையையும் வைத்திருந்தது. ஓரேடு காந்தம். மூன்றேடும் காந்தம். இரண்டேட்டிலோ வெளியே காந்தமே தெரியவில்லை! மேலேட்டின் ஊசிகள் எல்லாம் மேல் நோக்க, கீழேட்டின் ஊசிகள் கீழ் நோக்கி நின்று ஈடுசெய்துவிட்டன. ஏறக்குறைய 0.65 தெசுலாப் புலம் கொடுத்தால் இரண்டும் சட்டென்று ஒரு பக்கம் திரும்பும். குளிர்ந்த கட்டியிலே ஏடுகள் யாவும் ஒருமுகமாய் நிற்பவை. மெல்லிய துணுக்கிலே ஏன் பிணங்கின? ஓரேடு மற்றதன் மேல் எப்படிச் சற்றே நகர்ந்து படுத்திருக்கிறது என்பதே காரணம். 2019இலே இரண்டு குழுவினர் அழுத்தம் கொடுத்து ஏடுகளை நகரச் செய்து, பிணக்கை இணக்கமாக்கியும் காட்டினார்கள்.

இந்தப் பிணக்கே பயனுக்கு வாயில். இன்றைய இலத்திரனியல் இலத்திரனின் மின்னேற்றத்தைப் பயன்படுத்துகிறது. அதன் சுழற்சியையும் வேலை வாங்குவதற்கு ஸ்பின்ட்ரோனிக்ஸ் என்று பெயர். இதற்கு வித்திட்டது 1988ஆம் ஆண்டு. பிரான்சிலே அல்பேர்ட் பேர், ஜேர்மனியிலே பீற்றர் குறுன்பேர்க் ஆகிய இருவரும் தனித்தனியே, இரும்புப் படலங்களுக்கிடையே குரோமியப் படலத்தை வைத்துப் பார்த்தனர். இரும்புப் படலங்களின் காந்தம் எதிரெதிராய் இருந்தால் மின்தடை கூடியது; ஒருமுகமாய் இருந்தாற் குறைந்தது. ஒரு முகமாய்ச் சுழலும் இலத்திரன் தனக்கு இணக்கமான காந்தத்தூடே இலகுவாகச் செல்லும், இணங்காததிலே முட்டுப்படும் என்பதே உட்பொருள். 1997 முதல் கணினி வன்தட்டுகளை வாசிக்கும் முனைகள் இவ்வுண்மையாற் செய்யப்பட்டன. 2007இல் இருவருக்கும் நோபல் பரிசு.

வாசிப்பதோடு நில்லாமல், நினைவகத்தையே இப்படிச் செய்யலாம். கணினியின் சாதாரண வேலை நினைவகத்திலே ஒவ்வொரு சிற்றறையும் ஓட்டைக் குடம்போன்றது. வழக்கமாக 64 மில்லிசெக்கனுக்குள் ஒருமுறை நிரப்பிக்கொண்டே இருக்க வேண்டும். மின்சாரம் நின்றால் எல்லாம் போயிற்று. காந்தமோ மின்சாரம் நின்றாலும் தன் திசையை மறவாது. இத்தகைய காந்த நினைவகம் 2006 முதல் விற்பனைக்கு வந்திருக்கிறது. அதன் பிந்திய வகைகளிலே இரண்டு காந்தப் படலங்களுக்கிடையே ஒரு நனோமீற்றர் அளவான மக்னீசியம் ஒட்சைட்டுப் படலம் இருக்கும். ஆகவே மெல்லிய ஏடுகள் வந்துதான் காந்த நினைவகம் பிறக்க வேண்டும் என்பதில்லை. பிறந்து பள்ளிக்கூடம் போகும் பிள்ளையோடு இவை போட்டியிட வேண்டும்.

போட்டியிட இவற்றிடம் என்ன உண்டு? 2018இல் சியாற்றில், மசச்சூசெற்ஸ் குழுவினர், கிராபீன் ஏடுகளுக்கிடையே குரோமியம் அயடைட்டு ஏடுகள் சிலவற்றை வைத்து, அவற்றூடே இலத்திரன்களை ஊடுருவச் செய்தனர். பிணங்கி நிற்கும் ஏடுகள் ஓட்டத்தைத் தடுத்தன. புலத்தால் ஒருமுகப்படுத்தியதும் வழி திறந்தது. நான்கு ஏட்டிலே வேறுபாடு 19,000 சதவீதம், அதாவது தடை ஏறக்குறைய 190 மடங்கு மாறியது. மக்னீசியம் ஒட்சைட்டு முறையில் அறை வெப்பநிலையிற் பெற்ற உச்சம் 600 சதவீதத்துக்குச் சற்று மேல். அதே ஆண்டிலே, சியாற்றில் குழுவினரும், ஜீ ஷான், கின் ஃபை மாக் என்போரின் குழுவினரும் இரண்டேட்டுக் காந்தத்தை மின்னழுத்தத்தினாலேயே மாற்றிக் காட்டினர். தடித்த உலோகத்திலே மின்புலம் மேற்பரப்போடு நின்றுவிடும். ஓரேட்டுக்கோ மேற்பரப்பைத் தவிர உள்ளே வேறொன்றுமில்லை! மின்னோட்டமின்றி அழுத்தத்தால் மட்டுமே காந்தத்தைத் திருப்ப முடிந்தால், சூடாய் வீணாகும் மின்சாரம் மிச்சம்.

இவ்வளவும் கேட்டு, அடுத்த வருடமே கைத்தொலைபேசியில் வந்துவிடும் என்று எவரும் எண்ணவேண்டாம். 19,000 சதவீதம் என்பது தனிப்பூச்சியத்தை நெருங்கிய குளிரிலே கண்ட எண். 45 கெல்வின் என்றால் திரவ நைதரசனும் போதாது. அதுவே 77 கெல்வினிற்றான் கொதிக்கிறது. அயல் ஊசிகளுக்கிடையேயான பற்று இப்பொருளிலே மெலிது; செங்குத்துப் பற்று அதனினும் சிறிது. தடையிலிருந்து தப்புவதற்குப் போதிய கம்பு, வெயிலைத் தாங்கப் போதாது.

ஆகவே உறுதி கூடிய ஏடுகளைத் தேடுகிறார்கள். இரும்பு, ஜேர்மானியம், தெலூரியம் சேர்ந்த பொருளின் சில ஏட்டுத் துணுக்கிலே லிதியம் அயன்களைப் புகுத்தி, அறை வெப்பநிலை வரை காந்தத்தை நிறுத்தியதாகச் சங்காயின் பூடான் சர்வகலாசாலையினர் 2018இல் அறிவித்தனர். 2022இல் வூகானிலுள்ள ஹுவாசோங் சர்வகலாசாலையினர், ஜேர்மானியத்துக்குப் பதிலாகக் கலியத்தை வைத்த பளிங்கொன்று 350 கெல்வினுக்கும் மேலே காந்தமாய் நிற்பதைக் காட்டினர். எமது மத்தியான வெயிலும் ஏறக்குறைய 305 கெல்வின்தான். அப்பொருளைக் கொண்டு செய்த சந்தியில் அறை வெப்பநிலையில் 85 சதவீத வேறுபாடு பெறப்பட்டிருக்கிறது. 19,000 எங்கே, 85 எங்கே என்று சிரிக்கவேண்டாம். குளிர்ப்பெட்டி இல்லாமற் பெற்ற 85 அது. குரோமியம், கந்தகம், புரோமீன் சேர்ந்த இன்னொரு பளிங்கு 132 கெல்வின் வரை ஒழுங்காய் நிற்பதோடு காற்றுப் பட்டாலும் கெடுவதில்லை. அயடைட்டோடு பெட்டிக்குள் கையை நுழைத்து வேலை செய்தவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

அவசரமான செய்திகளும் வந்ததுண்டு. வனேடியம், செலீனியம் சேர்ந்த ஒற்றை ஏடு அறை வெப்பநிலையில் வலிய காந்தம் என்று 2018இல் ஓர் ஆய்வுக்குழு அறிவித்தது. பின்னர் வேறு கைகள் வேறு கருவிகளாற் பார்த்தபோது அத்தகைய காந்த ஒழுங்கைக் காணவில்லை. புதிய ஏடொன்றின் பெயரோடு "அறை வெப்பநிலை" என்ற சொல்லைக் கண்டால், இரண்டாவது ஆய்வுகூடம் என்ன சொல்கிறது என்று பொறுத்துப் பார்ப்பதே இத்துறை மாணவர்க்கு இன்று நாம் சொல்லக்கூடியது.

இன்னும் ஒரு தடை, கணக்கினதும் அன்று, வெப்பத்தினதும் அன்று. கைவேலையினது. ஒட்டுநாடாவால் உரித்த துணுக்குகள் பெரும்பாலும் மைக்கிரோமீற்றர்களில் அளக்கப்படுபவை. தலைமயிரின் அகலமும் இராதவை. தொழிற்சாலைக்கு வேண்டியதோ 300 மில்லிமீற்றர் விட்டமுள்ள சிலிக்கன் வட்டு முழுவதும் குறையின்றிப் பரந்த ஏடு. வெற்றிடத்தில் அணு அணுவாகப் படிய வைத்து வளர்க்கும் முறைகளிலே இப்போது பலரும் முனைந்திருக்கிறார்கள். பரப்பு அகல அகல, படியும் ஏட்டிலே விளிம்புகளும் வெடிப்புகளும் மலிகின்றன. ஒரு துணுக்கிற் கண்ட காந்தம் வட்டின் மறு கோடியிலும் அப்படியே இருக்கும்படி செய்வதே அவர்களுடைய இன்றைய வேலை.

 நேரம் இருக்கிறதென்று தலைவர் சொல்கிறார். கேள்விகள் உள்ளவர் கேட்கலாம்.